வாசிக்கத் தெரியாத கிட்டார் மேதை

மின்சாரக் கிட்டாரை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் லியோ ஃபெண்டர். ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுருதி கூடச் சேர்க்க வராது! ஒரு கிட்டாரில் எத்தனை பிக்கப் வேண்டும், அவற்றை எங்கே பொருத்த வேண்டும் என்ற கேள்விக்கு அம்மனிதர் 1954இல் கண்ட விடையை இன்றும் கலைஞர் பலர் மாற்ற மனமின்றிக் கையாண்டு வருகின்றனர்.

1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே நோயால் இடக்கண்ணை இழந்து, கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டார். கல்லூரியில் அவர் பயின்றது கணக்கியல். (நம் வணிகவியல் மாணவர்கள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.) பொருளாதாரப் பெருமந்தத்தில் கணக்கர் வேலை பறிபோகவே, 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடையொன்றைத் திறந்தார். அங்கே ஆம்ப்ளிபையரைத் தூக்கிக்கொண்டு வந்த இசைக் கலைஞர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டே அவர் கிட்டார் தொழிலுக்குள் நுழைந்தார். 1946இல் சொந்த நிறுவனம் உருவாயிற்று.

பிக்கப் என்பது யாது? இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மின்காந்தத் தூண்டலைச் செய்து பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. காந்தத்தின் மேல் மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றி, எஃகுத் தந்திகளுக்கு அடியில் வைக்கிறார்கள். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அது ஆம்ப்ளிபையரில் பெருகி ஒலியாகும். இதில் நுட்பம் எல்லாம் பிக்கப்பை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. வீணையில் நாம் குதிரை என்று சொல்லும் பகுதி கிட்டாரிலும் உண்டு. அதன் அருகே தந்தி அதிகம் அசைவதில்லை; ஆகவே அங்கே வைத்த பிக்கப் மேற்சுரங்கள் மிகுந்த, கூர்மையான ஒலியைத் தரும். கழுத்தோரம் தந்தி அகலமாக அசையும். அங்கே அடிப்படைச் சுரம் ஓங்கி, ஒலி கனிந்து வரும். ஒரே தந்தி, ஒரே மீட்டு. கேட்கும் இடம் மாறினால் குரலே மாறிவிடுகிறது.

1950இல் இவ்விரண்டு இடங்களிலும் ஒவ்வொரு பிக்கப் வைத்த திண்ம மரக் கிட்டார் ஒன்றை அவர் வெளியிட்டார். அதற்கு இட்ட பெயர் வேறொரு நிறுவனத்தின் முரசின் பெயரோடு மோதியதால் 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. மேலும் பல குரல்கள் வேண்டும் என்று கலைஞர்கள் கேட்கக் கேட்க, 1954இல் நடுவிலும் ஒன்று சேர்த்து, மூன்று பிக்கப் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. அதன் ஸ்விட்சுக்கு மூன்றே நிலைகள்: ஒரு நேரத்தில் ஒரு பிக்கப்.

கலைஞர்கள் விட்டார்களா? ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தந்திரமாக நிறுத்தி, இரண்டு பிக்கப்புகளை ஒன்றாக இயக்கினர். அவ்விரண்டும் ஒரே தந்தியை வெவ்வேறு புள்ளிகளில் கேட்பதால் சில மேற்சுரங்கள் கூடுகின்றன, சில ஒன்றையொன்று அழிக்கின்றன. மணி போன்ற, உள்ளீடற்ற ஓர் இனிய ஒலி பிறந்தது. ஃபெண்டர் திட்டமிடாத ஒலி இது! நிறுவனமே ஐந்து நிலை ஸ்விட்சைப் பொருத்தியது 1977இல்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் புகழில் பாதி இந்த இடைநிலைகளுக்கே உரியது என்பது என் கருத்து.

ஆயினும் ஒற்றைச் சுருளுக்கு ஒரு நோய் உண்டு. தந்தியின் அசைவை மட்டுமன்றி, சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் நொடிக்கு 60 சுழற்சி, நம் நாட்டில் 50. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் இதற்கு மருந்து கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனையையும் சுற்றின் திசையையும் மாற்றிவிட்டால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ இரட்டிக்கும். ஹம்பக்கர் எனப்படும் இது 1957இல் லெஸ் பால் கிட்டாரில் இடம்பெற்றது. ஒலி தடித்தது, வலுத்தது. ஆனால் உச்சத்து மினுமினுப்பில் ஒரு பங்கு போயிற்று.

ஃபெண்டருக்கு இந்த வித்தை தெரியாதா? தெரியும். அதே 1957இல் தம் பிரிசிஷன் பேஸ் கிட்டாரின் சுருளை இரண்டாகப் பிளந்து, தடித்த தந்திகள் இரண்டுக்கு ஒன்றும் மற்ற இரண்டுக்கு ஒன்றுமாக வைத்து, அந்த இரைச்சலை அவரே அடக்கியிருக்கிறார். இருந்தும் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச் சுருளையே விட்டுவைத்தார். ஹவாய் கிட்டார், நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றின் பளிச்சென்ற தெளிவில் ஊறிய செவி அவருடையது. அத்தெளிவுக்குக் கொடுக்கும் விலையாக இரைச்சலைப் பொறுத்துக்கொண்டார் என்றே கருத வேண்டியிருக்கிறது.

எல்லாவகைப் பாட்டுக்கும் ஒரே கிட்டார் வேண்டும் என்போர் பிக்கப்பின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதுண்டு. இரண்டு ஹம்பக்கர் உள்ள கிட்டாரும் மூன்று ஒற்றைச் சுருள் உள்ள கிட்டாரும் வேறு வேறு மொழி பேசுபவை. தெளிந்த ஒலியில் பல நிறம் வேண்டுவோருக்கு ஃபெண்டரின் மூன்றே போதும். ஆம்ப்ளிபையரை உச்சத்தில் வைத்து முழங்குவோருக்கு அதன் இரைச்சல் பெருந்தொல்லை. 1980களில் பரவலான சமரசம், குதிரையோரம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைச் சுருளும் வைப்பது. ஒரே ஒரு கிட்டார்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுவே.

1965இல் உடல் நலிந்த நிலையில் ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். பெயரும் அதனோடு போயிற்று. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டு உலகை உலுக்கியது அதன் பிறகே. இடக்கைக்காரரான அவர் வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்தார். சாய்வாக வைத்த குதிரையோரப் பிக்கப்பின் சாய்வும் அதனால் திரும்பி, கீழ்த்தந்திகள் இறுகியும் மேல்தந்திகள் சற்றே கனிந்தும் ஒலித்தன. இதையும் ஃபெண்டர் திட்டமிடவில்லை!

உடல் தேறியதும் அவர் சும்மா இருக்கவில்லை. மியூசிக் மேன் நிறுவனத்திலிருந்து 1976இல் வந்த அவருடைய ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரில் இருந்தது ஹம்பக்கர். பின்னர் நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் ஜி அண்டு எல் நிறுவனத்தைத் தொடங்கி, 1980இல் எஃப்-100 என்ற கிட்டாரை வெளியிட்டார். அதில் இரண்டு ஹம்பக்கர். கூடவே இரட்டைச் சுருளில் ஒன்றை மட்டும் நிறுத்தி ஒற்றைச் சுருளாக்க ஒரு சிறு ஸ்விட்ச். எழுபது வயதில், இரண்டு குரல்களையும் ஒரே மரத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் வந்த பின்னும் பணிமனைக்குப் போவதை நிறுத்தாத அவர், 1991 மார்ச் 21ஆம் நாள் ஃபுல்லர்ட்டனில் காலமானார்.