கிபன் கற்ற நெறி

வரலாறு எழுதிப் புகழ்பெற்றோர் பலர். அவருள்ளே, தாம் அப்புகழுக்குரிய கல்வியை எவ்வாறு தேடினர் என்பதையும் எழுதிவைத்துப் போனோர் மிகச் சிலரே. உரோமப் பேரரசின் தளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆறு பெருந் தொகுதிகளில் வரைந்த எட்வேட் கிபன் என்னும் ஆங்கில ஆசிரியர் அச்சிலருள் ஒருவர். அப்பெருநூலின் பெயரை நம்மிற் பலர் கல்லூரி நாளிலே கேட்டிருப்போம். முழுதும் படித்து முடித்தோர் சிலராவர். நூலைப்போலவே அதனை ஆக்கியோன் கற்ற நெறியும் மாணாக்கர்க்குப் பயன்படுமென்று கருதி, அதனையே ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

கிபன் 1737 ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அணித்தாகிய பட்னி என்னும் ஊரிற் பிறந்தார். உடன்பிறந்த அறுவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். அவரும் பிழைப்பாரோ என்று ஐயுறும்படி நோய் பல வந்தன. பத்து வயது நிரம்புமுன் தாயையும் இழந்தார். தாயின் உடன்பிறந்தாராகிய கதரீன் போட்டன் அம்மையாரே அவரை வளர்த்தார். பள்ளிப் படிப்பு நோயினால் அடிக்கடி தடைப்பட, அவ்வம்மையார் அவரை நூல்களிடத்தே ஆற்றுப்படுத்தினார். ஹோமரின் காவியங்களைப் போப் என்னும் புலவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், அராபிய இரவுக் கதைகளையும் அவர் அக்காலத்திலேயே சுவைத்தார்.

1751 ஆம் ஆண்டிலே, பதினான்கு வயதினராகிய கிபன், வில்ற்சயரிலுள்ள ஒரு செல்வரின் மாளிகைக்குத் தந்தையாருடன் சென்றிருந்தார். அங்கிருந்த நூல்நிலையத்திலே எச்சாட் என்பவரின் உரோம வரலாற்றின் தொடர்ச்சி கைக்கு அகப்பட்டது. கோத்தர் என்னும் கூட்டத்தார் தன்யூப் நதியைக் கடக்கும் இடத்தை அவர் படித்துக்கொண்டிருந்தபோது உணவுக்கு அழைக்கும் மணி ஒலித்தது. மனமின்றியே எழுந்து சென்றார். அன்று மூண்ட பசியை அவ்விருந்து ஆற்றவில்லை. அராபியர், பாரசீகர், தாத்தாரியர், துருக்கியர் வரலாறுகளையெல்லாம், ஆங்கிலத்திற் கிடைத்த அளவிற்குத் தேடித்தேடிப் படித்தார். ஆயினும் அது வரம்பில்லாத வாசிப்பே. பேரரசர் பலரின் பெயரறிந்த சிறுவனுக்கு இலத்தீன் மொழி செவ்வையாகக் கைவரவில்லை.

பதினைந்து வயது நிரம்புமுன், 1752 இல், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து மக்டலன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கழிந்த பதினான்கு மாதங்களையும் பயனற்றுப்போன காலமென்றே அவர் பிற்காலத்து மதித்தார். கேட்பாரும் வழிகாட்டுவாருமின்றிச் சமயவாத நூல்களைத் தாமே படித்து, 1753 இற் கத்தோலிக்கராயினார். அக்காலத்து ஒக்ஸ்போட்டில் அதற்கு இடமில்லை. சினங்கொண்ட தந்தையார் அவரைச் சுவிற்சலாந்திலுள்ள லோசான் நகருக்கு அனுப்பிவிட்டார். படித்த நூல்களின் காரணமாகவே வீட்டையும் நாட்டையும் கல்லூரியையும் ஒருங்கே இழந்தார் அப்பதினாறு வயதினர்.

தண்டனையாக வந்த அவ்வூரே அவருக்கு மெய்யான கல்லூரியாயிற்று. பவிலியார் என்னும் போதகர் அவரை வற்புறுத்தாது, முறைப்படுத்தினார். 1754 இன் இறுதியிலே கிபன் புரட்டஸ்தாந்து சமயத்துக்கு மீண்டார். கல்வியிலோ முன்னில்லாத ஒழுங்கு உண்டாயிற்று. சிசெரோவின் இலத்தீன் உரைநடையிற் சிறிது எடுத்துப் பிரெஞ்சில் மொழிபெயர்ப்பார். மூலத்தின் சொற்கள் நினைவினின்றும் மறையும்வரை அதனை ஒருபுறம் வைப்பார். பின் தம் பிரெஞ்சை மீண்டும் இலத்தீனாக்கி, மூலத்தோடு ஒப்புநோக்கித் தம் பிழைகளைத் தாமே காண்பார். இவ்வாறு ஐந்தாண்டு அங்கே கழிந்தது. இலத்தீன் ஆசிரியர்களை வரிசையாகக் கற்றார், கிரேக்கத்தையும் தொடங்கினார்.

அவர் கைக்கொண்ட இன்னொரு வழக்கம் நம் மாணாக்கர் உளங்கொள்ளத் தக்கது. புதிய நூலொன்றைத் திறக்குமுன் தனியே உலாவச் செல்வார். அப்பொருள்பற்றித் தாம் அதுவரை அறிந்தது யாது, எண்ணியது யாது என்று ஆராய்வார். அதன் பின்னரே நூலைப் படிப்பார். ஆசிரியர் தம் அறிவிற்குப் புதிதாகச் சேர்த்தது எவ்வளவு என்பதை அளந்தறிய அது உதவிற்று.

இங்கிலாந்துக்கு மீண்டபின் 1760 முதல் 1762 வரை ஊர்க்காவற் படையிலே கப்டனாயிருந்தார். பாசறை வாழ்க்கை படிப்புக்கு இடையூறாயினும், அணிவகுத்துச் செல்லும்போதும் ஹொறேஸ் என்னும் இலத்தீன் புலவரின் நூல் அவர் சட்டைப்பையில் இருந்தது. படையை நடத்திய பழக்கமும் வீண்போகவில்லை. உரோமப் படையணிகளைப்பற்றி எழுதும்போது அது கைகொடுத்தது.

1764 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள், உரோமாபுரியிலே இடிந்த கட்டடங்களின் நடுவே அமர்ந்திருந்தபோது, அந்நகரின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் அவருள்ளத்தில் முளைத்தது. அதன் பின் முதற்றொகுதி வெளிவரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. முதலதிகாரத்தை மும்முறை எழுதினார். 1776 இல் வெளியான ஆயிரம் பிரதிகளும் சில நாளிலே விலைப்பட்டன. 1781 இல் வந்த இரண்டாந் தொகுதியின் இறுதியிலே கோத்தர் தன்யூப் நதியைக் கடந்த வரலாறு இடம்பெற்றது. உணவு மணி இடைநிறுத்திய அந்தப் பக்கத்தை, முப்பதாண்டுகளின் பின் கிபன் தாமே எழுதினார். 1787 யூன் 27 ஆம் நாள் இரவு லோசானிலே நூல் முடிந்தது. ஈற்றுத் தொகுதிகள் 1788 இல் வெளிவந்தன. 1794 இல் இலண்டனிலே காலமானார்.

அவர் கூறியன யாவும் நிலைபெற்றனவல்ல. கிறித்தவ சமயத்தின் வளர்ச்சிபற்றிய இரு அதிகாரங்கள் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. மூலங்களைத் திரித்தாரென்றும் சிலர் குற்றஞ்சாட்டினர். 1779 இல் அவர் அதற்கு மறுப்பெழுதினார். மூல நூல்களைத் தாமே கற்றிருந்தமை அப்பொழுது அவருக்கு அரணாயிற்று. கொன்ஸ்தாந்திநோப்பிளின் நெடிய ஆட்சிக்காலத்தை வெறுந் தளர்ச்சியாக அவர் கண்டதை இக்கால அறிஞர் ஏற்பதில்லை. ஆசானையும் ஆராய்ந்தே கொள்க என்பதற்கு அவர் நூலே சான்று.

பள்ளியும் பல்கலைக்கழகமும் கிபனுக்குத் தந்தது சிறிதே. ஆனால் அவரைத் தாமே கற்றவர் என்று சொல்லிவிடுதலும் பொருந்தாது. நோயுற்ற சிறுவனை நூலிடத்தே சேர்த்த அம்மையாரும், அலைந்த வாசிப்பை நெறிப்படுத்திய ஆசிரியரும் இலராயின் அப்பெருநூல் இல்லை. நம் கல்லூரியின் நூல்நிலையத்திலே, மணியடித்த பின்னும் எழாதிருக்கும் மாணவனைக் காணும் ஆசிரியர் இதனை நினைப்பாராக. அவனைக் கடிந்து எழுப்பினும், அடுத்துப் படிக்கவேண்டிய நூல் இன்னதென்று சொல்லி அனுப்புவாராக.