விளக்குப் பிடித்தவர் லயத்தின் விளக்கானார்!

திருவேற்காடு, மாங்காடு, திருமுல்லைவாயில் என்று நம் பக்கத்துக் கோயில்களில் சுவாமி புறப்பாட்டைத் தரிசித்திருப்பீர்கள். நாதஸ்வரத்தில் மல்லாரி முழங்க, இரண்டு பக்கமும் தவில்காரர்கள் மாறி மாறி வாசித்து வருவார்கள். ஒருவர் வேகமெடுப்பார், மற்றவர் அதற்கு மேலும் போவார். கூட்டத்தின் ஆரவாரம், மணியோசை, வேட்டுச் சத்தம்... இத்தனைக்கும் நடுவே, முடிவில் இருவரின் கைகளும் ஒரே இடத்தில், ஒரே அடியில் வந்து நிற்கும். வாய்விட்டு யாரும் எண்ணுவதில்லை. பிறகு எப்படிக் கணக்குத் தவறுவதில்லை?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே வாழ்க்கையில் உயர்ந்தார் ஒரு மகான். அவர்தான் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. மான்பூண்டியா பிள்ளை என்றும் அவரைக் குறிப்பிடுவார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம். இளமையில் மாமுண்டியா பிள்ளை செய்தது விளக்குப் பிடிக்கும் வேலை என்று சொல்வார்கள். ஊர்வலத்தில் மேளத்துக்குப் பக்கத்திலேயே விளக்கோடு நடக்க வேண்டும். கை விளக்கைத் தாங்கியிருக்க, அவருடைய காதும் மனமும் மட்டும் தவிலிலேயே லயித்துக் கிடந்தன.

கேட்டால் மட்டும் போதுமா? குரு வேண்டாமா? மாரியப்பப் பிள்ளை என்ற தவில் வித்வானிடம் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்ததுதான் லயக் கணக்கு என்னும் பெருநிதி.

அது என்ன கணக்கு? ஆதி தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு வகுப்பில் நம் குழந்தைகள் தொடையில் தட்டுவார்களே, அதேதான். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆக மொத்தம் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் 4 மாத்திரை வைத்தால், ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. இந்த 32-ஐயும் ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வாசிக்க முடியுமா? முடியாது. அதனால் சொற்களால் அளக்கிறார்கள். தகிட என்றால் 3. தகதிமி என்றால் 4. ததிங்கிணதொம் என்றால் 5. சொல் மனத்தில் ஓடினாலே எண்ணிக்கை தானாக விழுந்துவிடும்.

ததிங்கிணதொம் என்பதை மூன்று முறை வாசித்து முடிக்க 15 மாத்திரை வேண்டும். அது முடிந்ததும் அடுத்த சுற்றின் முதல் தட்டு விழ வேண்டுமானால், 32-ல் 15 போக, 17 மாத்திரை கழித்து ஆரம்பிக்க வேண்டும். அதாவது ஐந்தாவது எண்ணிக்கைக்கான தட்டு விழுந்து, அதில் கால் பங்கு நேரம் பொறுத்து எடுக்க வேண்டும். எடுப்பு சரியாக இருந்தால் முடிப்பும் சரியாக இருக்கும். மார்கழியில் கோலம் போடும்போது, ஒரு புள்ளி தவறினாலும் கடைசி இழை சேராமல் போகிறதே... அப்படித்தான் இதுவும்!

இதை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லாமல் நடக்கும் வரை சாதகம் செய்ய வேண்டும். அப்போதுதான் எத்தனை சத்தத்திலும் மனம் கலங்காது. மாமுண்டியா பிள்ளை இதில் ஊறித் திளைத்தார். புதுப்புதுக் கணக்குகளை அமைத்தார்.

அந்தக் கணக்குகளை வாசிக்க அவர் தேர்ந்தெடுத்த வாத்தியம் எது தெரியுமா? பஜனைகளில் தட்டும் சிறிய டேப்பு! அதையே செப்பனிட்டு, கச்சேரிக்கு ஏற்ற கஞ்சிராவாக ஆக்கினார். பலா மரத்தில் கடைந்த, ஏறக்குறைய ஏழு அங்குல வளையம். ஒரு பக்கம் உடும்புத் தோல். விளிம்பில் கலகலக்கும் காசு. ஒரு கையால் பிடித்து மறு கையால் வாசிக்கும் இந்தச் சின்னஞ்சிறு கருவி, மிருதங்கத்துக்குச் சமமாக மேடையில் உட்கார முடியுமா?

அதற்கும் ஒரு சோதனை வந்தது. தஞ்சை மரபின் பெரிய மிருதங்க வித்வான் நாராயணசாமி அப்பா முன்னிலையில் கஞ்சிரா வாசிக்க நேர்ந்தது. அதில் தோற்றிருந்தால், கஞ்சிரா பஜனையோடு நின்றிருக்கும். அவரது பல வருட உழைப்பும் வீணாகியிருக்கும். ஆனால் நடந்ததோ வேறு. பிள்ளையின் கணக்குகளைக் கேட்ட அப்பா, ஒரு கட்டத்தில் தன் மிருதங்கத்தை நிறுத்திவிட்டு, தாமே கையால் தாளம் போட்டு அந்த வாசிப்பைச் சபைக்கு எடுத்துக்காட்டினார் என்று இசை உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஜெயித்தவரின் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். பேரும் புகழும் உள்ள ஒருவர், புதியவருக்காகத் தாளம் போட முன்வந்தாரே... அந்த மனசும் தெய்விகம் அல்லவா!

மாமுண்டியா பிள்ளை தாம் கற்றதை ஒளித்து வைக்கவில்லை. மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் கொடிகட்டிப் பறந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875-1936) அவருடைய சீடர். பழனி முத்தையா பிள்ளையும் சீடர்தான். அந்த முத்தையா பிள்ளையின் மகனே, இடது கையால் மிருதங்கம் வாசித்து உலகை வியக்க வைத்த பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962). புதுக்கோட்டை வழி என்று இன்றும் வித்வான்கள் மரியாதையோடு சொல்வது இந்தப் பரம்பரையைத்தான்.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பும் பாதுகாக்கப்பட்ட உயிரினம். இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். தோல் மாறினாலும் அவர் வகுத்த கணக்கு மாறவில்லை.

அடுத்த முறை சுவாமி புறப்பாட்டுக்குப் போகும்போது, தவிலுக்குப் பக்கத்தில் தாளம் போடுபவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஓசையெல்லாம் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டே நடக்கும். அங்கே விளக்கோ குடையோ பிடித்து நிற்பவரையும் ஒரு கணம் பாருங்கள். அவர் காதிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். யாரை எந்தப் பணியில் நிறுத்தி எப்படி உயர்த்துவது என்பது, பவனி வரும் அந்தப் பரம்பொருளுக்கு மட்டுமே தெரியும்!