நிக்கோபார் மொழியின் காவலர்

அந்தமான் என்றதும் நம்மில் பலருக்குச் செல்லுலார் சிறையே கண்முன் நிற்கும். எனக்கோ அதற்குத் தெற்கே, கார் நிக்கோபார் தீவில் வாழ்ந்து மறைந்த ஜான் ரிச்சர்ட்சனே நினைவுக்கு வருகிறார். பேராயர், 1952-இல் அமைந்த முதல் மக்களவையின் நியமன உறுப்பினர், பத்மபூஷண் விருதாளர் என்று அவருக்குச் சிறப்புகள் பல. அவற்றை ஒரே மூச்சில் சொல்லி நிறுத்திவிடுகிறேன். நான் எழுத விழைவது அவர் தம் தாய்மொழிக்குச் செய்த தொண்டைப் பற்றியே.

கார் நிக்கோபார் ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. தென்னையே அதன் செல்வம். தேங்காய் வாங்க வந்த கப்பல்காரரோடு பேசுவதற்காகத் தீவினர் பர்மியமும் இந்துஸ்தானியும் அரைகுறை ஆங்கிலமும் கற்றனர். வந்தவர்கள் தீவினரின் மொழியைக் கற்றதோ அரிது. அம்மொழிக்குச் சொந்த எழுத்தும் இல்லை. அத்தீவின் மூஸ் என்னும் ஊரில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி நடத்த வந்தவர் வேதப்பன் சாலமன். அவர் ஒரு தமிழர். நம்மவர் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கற்பிக்கச் சென்றவர் அத்தீவின் மொழியைத் தாமும் கற்றாரே, அதற்காகச் சொல்கிறேன்.

அவரிடம் பயின்ற சிறுவனே ரிச்சர்ட்சன். மாந்தலையில் மேற்படிப்பு முடித்தவர் பர்மாவிலேயே தங்கிவிடவில்லை. 1912-இல் ஊர் திரும்பி ஆசிரியரானார். உரோமன் எழுத்தில் நிக்கோபாரியை எழுதவும் படிக்கவும் மக்கள் பழகினர். ஜார்ஜ் வைட்ஹெட் தொகுத்த அகராதி 1925-இல் இரங்கூனில் அச்சாயிற்று. புதிய ஏற்பாட்டை ரிச்சர்ட்சன் தம் மொழியில் பெயர்த்தார். அது 1950-இல் நூலாயிற்று.

மத நூல்தானே என்று தள்ளிவிடலாகாது. வேல்சு நாட்டில் வில்லியம் மார்கன் பெயர்த்த விவிலியம் 1588-இல் வெளிவந்தது. சட்டமும் அலுவலும் ஆங்கிலத்திற்குப் போன பின்னும், ஊரார் கூடும் இடத்தில் வேல்சு மொழி ஒலித்துக்கொண்டே இருந்ததற்கு அந்நூல் பெருந்துணை. நாமோ மேடையில் தமிழ் முழக்கம் செய்துவிட்டு, விடுதிக்குத் திரும்பியதும் தேநீர் கேட்பதற்கும் ஆங்கிலம் தேடுகிறோம்!

இடையில் வந்தது போர். 1942-இல் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். விமானத்தளம் அமைக்க மக்களைக் கசக்கிப் பிழிந்தனர். 1945-இல், தோல்வி நெருங்கிய வேளையில், ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் தீவினர் பலரை வதைத்துக் கொன்றனர். ரிச்சர்ட்சனும் சித்திரவதைக்குத் தப்பவில்லை. ஒரு சிறு மொழியில் எழுதவல்லார் எத்தனை பேர் இருப்பர்? அவரும் அன்று மாண்டிருந்தால், அந்த 1950-ஆம் ஆண்டு நூல் யார் கையால் முடிந்திருக்கும்?

உயிர் தப்பியவர் 1978 வரை வாழ்ந்தார். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் நிக்கோபாரி மொழியினர் ஏறத்தாழ 29,000 பேர். நம் ஊர்த் தேரோட்டம் ஒன்றில் இதைவிடப் பெருங்கூட்டம் கூடும். கார் நிக்கோபாரின் கோயில்களில் இன்றும் அம்மொழியிலேயே பாடுகிறார்கள்.