பல் மருத்துவத் தந்தை

சென்னை மாநகரின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் இன்று பல் மருத்துவ நிலையங்கள் பல விளங்குகின்றன. அவற்றை நாடி வருவோர் யாவரும் பல் நோயாளரே எனக் கருதுதல் கூடாது. வாய் திறக்குங்கால் காதின் அருகே சொடுக்கொலி கேட்பவரும், உணவை மெல்ல இயலாது வருந்துபவரும், கொட்டாவி விட்டபின் வாயை மூட மாட்டாது தவிப்பவரும் அவருள் உளர். இவர்தம் துன்பத்திற்குக் காரணம் பல்லன்று; தாடை மூட்டே ஆகும்.

இரு காதுகளுக்கும் முன்னே அமைந்த அம்மூட்டு, கதவின் கீல்போலத் திரும்பவும், முன்னும் பின்னும் நகரவும் வல்லது. எலும்புகளின் இடையே மெல்லிய தட்டு ஒன்று அமைந்து உராய்வைத் தடுக்கின்றது. அத்தட்டு இடம் பெயரினும், உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பழக்கத்தால் தசைகள் அயரினும் வலி தோன்றும். அவ்வலி சிலபோது பல்வலி போலவே தோன்றி மயக்கும். நோயின் மூலம் அறியாதவன் குற்றமற்ற பல்லைக் களைந்துவிடுவான், வலியோ நீங்காது. கற்ற மருத்துவர் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் அணியும் பற்கவசம் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் நோயைத் தணிப்பார். அறுவை மருத்துவம் மிகச் சிலர்க்கே வேண்டப்படும்.

பல்லைப் பிடுங்குதல் ஒரு கைத்தொழில். வாயையும் தாடையையும் அறிந்து நோய் தீர்த்தல் ஒரு கல்வி. இவ்வேறுபாட்டை நம் நாட்டிற்கு உணர்த்திய பெரியார் டாக்டர் ரபியுதீன் அகமது ஆவார்.

அவர் 1890 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24 ஆம் நாள் கிழக்கு வங்கத்தில் பிறந்தார். அலிகாரில் கல்வி கற்றபின், கடல் கடந்து அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்று, 1915 இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கென அமைந்த பல் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அயல்நாட்டிலேயே தங்கியிருப்பின் வளமாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் அவர் உள்ளம் தாய்நாட்டையே நாடியது.

அந்நாளில் இந்தியாவில், முறையாகக் கல்லாதோர் சந்தைகளிலும் தெருவோரங்களிலும் அமர்ந்து பல் பிடுங்கி வந்தனர். அதனால் ஏழை மக்கள் உற்ற துன்பம் பெரிது. இந்நிலையை மாற்ற விழைந்த அகமது, 1920 இல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றை நிறுவினார். இந்தியாவின் முதற் பல் மருத்துவக் கல்லூரி அதுவே எனப் போற்றப்படுகின்றது.

கல்லூரி நடத்தப் பொருள் வேண்டுமன்றோ? அதற்கென அவர் மேற்கொண்ட வழி வியப்புக்குரியது. குளிர்பானமும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்கு ஈந்தார். பட்டம் பெற்ற மருத்துவர் வாணிகம் செய்வது இழிவென அவர் எண்ணினாரல்லர். 1925 இல் பல் மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1928 இல் மாணவர்க்கெனப் பாடநூல் ஒன்றையும் வெளியிட்டார்.

கல்லூரி மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. அவரும் பிறரும் அயராது முயன்றதன் பயனாக, 1939 இல் வங்கத்திலும், 1948 இல் இந்தியா முழுமைக்கும் பல் மருத்துவர் சட்டம் இயற்றப்பெற்றது. சென்னையிலும் 1953 இல் அரசினர் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று.

தாம் அரிதின் வளர்த்த கல்லூரியை அகமது 1949 இல் மேற்கு வங்க அரசிற்கே வழங்கிவிட்டார். அம்மாநில அமைச்சராகவும் தொண்டாற்றினார். 1964 இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1965 பிப்ரவரி 9 இல் அவர் மறைந்தார். அவர் நிறுவிய கல்லூரி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நோயாளியின் பல்லில் கை வைக்குமுன் நோயின் மூலத்தை நாடும் மருத்துவர் ஒவ்வொருவரும் அப்பெரியார்க்குக் கடமைப்பட்டவரே. தாம் கற்ற கல்வியைப் பிறரும் கற்க வழி செய்தலே கற்றவர்க்கு அழகு என்பதை அவர் வாழ்வு நமக்கு அறிவுறுத்துகின்றது.