உமறுப் புலவரின் ஆயுளும் சீறாவின் ஆயுளும்

நபி நூஹ் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடையே 950 ஆண்டுகள் வாழ்ந்ததாகத் திருக்குர்ஆன் அறிவிக்கின்றது. நமக்கோ அத்தகைய ஆயுள் இல்லை. இந்த உம்மத்தினரின் வயது பெரும்பாலும் 60க்கும் 70க்கும் இடைப்பட்டதே என்பது நபிமொழியின் கருத்து. இக்குறுகிய எல்லைக்குள் ஒருவர் என்ன சாதித்துவிட இயலும்? உமறுப் புலவரின் வாழ்வே இதற்கு விடை.

1642ல் பிறந்த உமறு, கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, எட்டயபுரம் அரசவைப் புலவரானார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சரிதையைத் தமிழில் பாடுமாறு வள்ளல் சீதக்காதி வேண்டினார். மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவின் வழிகாட்டுதலால் அரபு மூலச் செய்திகள் கிட்டின. சீதக்காதி மறைந்த பின், பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் 3 காண்டங்களில் 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் எழுந்தது.

1703ல் புலவர் வஃபாத்தானார், எட்டயபுரத்தில் அடக்கமானார். வயது ஏறக்குறைய 60. அண்ணலாரின் இறுதி ஆண்டுகள் சீறாவில் பாடப்படவில்லை. பின்னர் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி அக்குறையை நிறைவு செய்தார்.

தம்பின் வணிகப் பெருமக்களே! எத்துணைச் செல்வம் கொடுத்தாலும் ஆயுளில் ஒரு நாழிகை கூடாது. ஆயினும், அபுல் காசிம் கொடுத்த பொருள் ஒரு நூலாகி, 300 ஆண்டுகளைக் கடந்து அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஐந்தொகை பார்க்கும்போது இந்த வரவையும் நினைவிற் கொள்வோமாக!