மத்தளத்தின் அடிநாதத்தை ஆராய்ந்த இராமனும் எங்கள் வீட்டு அறைகளும்

மன்னார்த் தீவில், பேசாலை முதல் தலைமன்னார் வரை, போருக்குப் பின்னர் எழுந்த சீமெந்துக் கல் வீடுகள் சிலவற்றின் முன் அறையில் இன்று விலை கூடிய ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் உழைப்பு அது. ஆனால் பாட்டைப் போட்டதும் குறை தொடங்குகிறது. ஒரு கதிரையில் இருந்தால் பேஸ் நெஞ்சை இடிக்கிறது. இன்னொரு கதிரையில் இருந்தால் பேஸே இல்லை. பழுது பெட்டியில் என்று நினைத்து அதை மாற்றுபவர்களும் உண்டு.

பழுது பெரும்பாலும் அறையில்தான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, 1970இல் மறைந்த ஒரு தமிழரின் வாழ்க்கை உதவுகிறது. சி.வி. இராமனை ஒளியின் விஞ்ஞானியாகவே பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன. அவரது ஆய்வு வாழ்வின் முதல் பகுதியில் பெரும்பங்கு ஒலிக்கே போனது என்பது பலருக்குத் தெரியாது.

1888 நவம்பர் 7ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தவர் இராமன். தந்தை சந்திரசேகர ஐயர் விரிவுரையாளர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906இல், இராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இசை ஒலிகளைப் பற்றி ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல் அவரை ஆழமாகப் பாதித்தது. 1907இல் அவர் மணந்த லோகசுந்தரி வீணை வாசிக்கத் தெரிந்தவர்.

அன்றைய இந்தியாவில் விஞ்ஞானத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார் இராமன். அங்கே பௌபஜார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய விஞ்ஞானச் சங்கம் ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்தது. விடியற்காலையில் அங்கே ஆய்வு, பகலில் அலுவலகக் கணக்கு, மாலையில் மீண்டும் ஆய்வு என்று ஏறத்தாழப் பத்து வருடங்கள் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் இடமாற்றம் வந்தது. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தபோது, கூடிய சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் போனார்.

வயலின் தந்திகளின் அதிர்வு, வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரை என்று ஆராய்ந்தவர் அடுத்து மிருதங்கத்துக்கு வந்தார். சாதாரணத் தோல் முரசில் அடிநாதம் 1 என்றால், அடுத்தடுத்த நாதங்கள் 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாமல் எழும். அதனால் முரசு சத்தம் தரும், சுருதி தராது என்பதே மேற்கத்தைய கணிப்பு. மிருதங்கத்தில் அப்படி இல்லை என்பதை இராமனும் சிவகாலி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வலந்தலையின் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சு தோலின் பாரத்தை மாற்றி, நாதங்களை 1, 2, 3 என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. இடந்தலையில் ஒட்டப்படும் ரவை அதன் நாதத்தை இன்னும் கீழே இறக்குகிறது. மாதோட்டக் கூத்துக்கு மத்தளம் அடித்த எங்கள் அண்ணாவிமார் கையால் அறிந்திருந்ததை, இராமன் அளந்து காட்டினார்.

1934இல் இதை அவர் விரித்து எழுதினார். தோலின் மேல் நுண்ணிய மணலைத் தூவி அடித்தபோது, அதிரும் இடங்களிலிருந்து மணல் விலகி, அதிராத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. ஒரே தோலில் துடிக்கும் இடமும் அசையாத இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கட்டடங்களிலும் அவர் இதையே கண்டார். 1921இல் லண்டன் சென் போல்ஸ் பேராலயத்தின் வட்டச் சுவருக்கு அருகில் நின்று ஆராய்ந்தபோது, சுவரை விட்டுச் சற்று விலக விலக ஒலி கூடிக் குறைந்து மீண்டும் கூடுவதைப் பதிவு செய்தார். அந்தப் பயணத்திலிருந்து கப்பலில் திரும்பும்போது கடலின் நீலத்தைப் பற்றி எழுந்த கேள்வி அவரை ஒளியின் பக்கம் திருப்பியது. 1928 பெப்ரவரி 28இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. 1933இல் பெங்களூர் சென்றவர், 1948இல் அங்கே தன் பெயரிலேயே ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். 1970 நவம்பர் 21ஆம் திகதி அங்கேயே காலமானார்.

இனி எங்கள் அறைக்கு வருவோம். 10 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 57 முறை அதிரும் பேஸ் ஒலியின் அலை சுமார் 6 மீற்றர் நீளம். அறையின் அகலம் அதில் சரிபாதி. அதனால் அந்த ஒரு நாதம் சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கிறது. சுவரோரத்தில் அது பெருகுகிறது, நடுவில் அடங்கிவிடுகிறது. அறை சதுரமானால் நீளமும் அகலமும் ஒரே நாதத்தையே பெருக்கி, குறை இரட்டிப்பாகிறது. மத்தளத்துக்குச் சொந்த நாதம் வேண்டும். பாட்டுக் கேட்கும் அறைக்கு அது கூடாது.

முந்திய கிடுகு வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. பேஸ் கிடுகைக் கடந்து வெளியே போய்விடும். சீமெந்துச் சுவர் அதைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே இழுங்கள். கதிரையைச் சுவரோடும் போடாதீர்கள், நட்டநடுவிலும் போடாதீர்கள். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேளுங்கள். மெல்லிய திரைச்சீலை பேஸை அடக்காது. மூலையில் தடித்த பஞ்சு மெத்தைகளை அடுக்கினால் ஓரளவு உதவும். கதவையும் யன்னலையும் திறந்துவிட்டாலும் இடி குறையும்.

இது வெறும் ஆடம்பரக் காரியம் அல்ல. சுவரைத் துளைத்து வந்து அடிவயிற்றில் அதிரும் சத்தம் எதுவென்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். மகன் ஆசையாகப் பாட்டுப் போடும்போது, அடுத்த அறையில் இருக்கும் தாய் எழுந்து முற்றத்துக்குப் போகிறார் என்றால், சத்தத்தைக் குறை என்று அவர் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அறையில் சிக்கி இடிக்கும் அந்த ஒரு நாதத்தை அடக்கிவிட்டால், அவரும் உள்ளே வந்து இருந்து மத்தளத்தை மத்தளமாகக் கேட்கக்கூடும். அதற்கு முதலில் வேண்டியது இராமனிடம் இருந்த பொறுமைதான்: ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அறையெங்கும் நடந்து, காதால் கேட்டுப் பார்ப்பது.