ஜார்ஜ் நகாஷிமா

ஜார்ஜ் கட்சுதோஷி நகாஷிமா (மே 24, 1905 – ஜூன் 15, 1990) ஜப்பானிய வழிவந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞரும் மரத்தச்சுக் கலைஞரும் ஆவார். 20 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் கைவினை மரச்சாமான் கலையை வளர்த்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி கட்டப்பட்டபோது பணியிடத்தில் தங்கி அதனை நடத்தியவர் இவர். அங்கே ஆசிரமவாசியாகச் சேர்ந்த இவருக்கு அரவிந்தர் சுந்தரானந்தர் என்னும் பெயரை வழங்கினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள நியூ ஹோப்பில், தம் வீட்டை ஒட்டித் தாமே எழுப்பிய பட்டறையில் நாற்காலிகள், ஆடுநாற்காலிகள், மேசைகள் முதலியவற்றைச் செய்து புகழ்பெற்றார்.

பிறப்பும் கல்வியும்

நகாஷிமா அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்து அம்மாநிலத்தின் மலைக்காடுகளில் நெடுந்தொலைவு நடந்து திரிந்தார். மரங்களின் மீது இவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு அக்காலத்தில் தொடங்கியதாகும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் பயின்ற இவர், பின்னர் கட்டடக்கலைக்கு மாறி 1929 இல் பட்டம் பெற்றார். இடையில் 1928 இல் பிரான்சின் போந்தன்புளோவில் இருந்த அமெரிக்கக் கலைப்பள்ளியில் பயின்று பரிசு பெற்றார். அதன்பின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்த காலம் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய காலமாகும். நியூயார்க்கில் கிடைத்த வேலையை இழந்த நகாஷிமா, தம் காரை விற்று உலகைச் சுற்றி வருவதற்கான கப்பல் பயணச்சீட்டு ஒன்றை வாங்கினார். பாரிசில் ஏறத்தாழ ஓராண்டு தங்கியபின் வட ஆப்பிரிக்கா வழியாகப் பயணம் செய்து 1934 இல் ஜப்பானை அடைந்தார்.

அங்கு டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். செக் நாட்டில் பிறந்தவரான ரேமண்ட், பிராங்க் லாய்டு ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் பணிக்காக ஜப்பானுக்கு வந்து அங்கேயே தொழில் நடத்தியவர். ஜப்பானியத் தச்சர்கள் கட்டிய கோயில்களையும் வீடுகளையும் நகாஷிமா அப்போது நேரில் கண்டு கற்றார்.

புதுச்சேரியில்

1926 இல் நிறுவப்பட்ட அரவிந்தர் ஆசிரமத்தில் 1930களில் அன்பர்களின் எண்ணிக்கை பெருகியதால் ஒரு தங்குவிடுதி தேவைப்பட்டது. ஸ்ரீ அன்னையின் உதவியாளர்களில் ஒருவரும் பிரெஞ்சுக்காரருமான பவித்ரா, முன்னர் ஜப்பானில் வாழ்ந்தபோது ரேமண்டை அறிந்திருந்தார். அத்தொடர்பின் வழியாக விடுதியை வடிவமைக்கும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. ஐதராபாத் அரசின் உயர் அமைச்சராக இருந்த சர் அக்பர் ஐதரியின் முயற்சியால் நன்கொடை கிடைத்தமையால், விடுதிக்குக் கோல்கொண்டா எனப் பெயர் சூட்டப்பட்டது.

வில்லியனூர், பாகூர் முதலிய ஊரகக் கொம்யூன்களையும் உள்ளடக்கிய புதுச்சேரிப் பகுதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே ரேமண்டின் சார்பில் பணியிடப் பொறுப்பை நகாஷிமா ஏற்றார். பாரிசில் லெ கொர்புசியேவிடம் பணியாற்றிய பிரான்டிசெக் சாமர் என்னும் செக் கட்டடக்கலைஞரும் இப்பணியில் ஈடுபட்டார்.

கோல்கொண்டா, இந்தியாவில் வலுவூட்டிய கற்காரையால் கட்டப்பட்ட முன்னோடிக் கட்டடங்களுள் ஒன்றாகும். அறைகளுக்குக் கண்ணாடிச் சன்னல்கள் கிடையா. வடக்கும் தெற்கும் நோக்கிய நீண்ட சுவர்ப்பரப்புகளில் கல்நார் சிமெண்டுத் தகடுகள் கிடைமட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றைத் திருப்பி வைத்து வெயிலையும் மழையையும் தடுக்கலாம், காற்றை உள்ளே விடலாம். அறைகளின் கதவுகள் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களால் ஆன நகர்த்துக் கதவுகளாகும். எனவே கதவு மூடியிருந்தாலும் காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் செல்லும். கூரைக்கு மேல் வளைவான ஓடுகள் இரண்டாம் அடுக்காக அமைந்து வெப்பத்தைக் குறைக்கின்றன.

அறைகளுக்கான எளிய தேக்கு அறைகலன்களையும் நகாஷிமா வடிவமைத்தார். பிற்காலத்தில் வாழ்நாள் தொழிலாக ஏற்கவிருந்த துறையில் இவரது தொடக்ககாலப் பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.

கட்டடப் பணிகளில் பெரும்பகுதியை ஆசிரமவாசிகளே செய்தனர். அவர்களுட் பலருக்குக் கட்டடத் தொழிலில் முன்னனுபவம் இல்லை. ஆயினும் விரைவோ செலவோ முதன்மையாகக் கருதப்படாமல், ஒவ்வொரு பகுதியும் செம்மையாக அமைவதே நோக்கமாகக் கொள்ளப்பட்டது. உழைப்பு ஊதியத்துக்கானது அன்று, அது ஓர் ஆன்மிகப் பயிற்சி என்னும் கருத்து நகாஷிமாவை ஆழமாகப் பாதித்தது. இவர் தம் சம்பளத்தைக் கைவிட்டு ஆசிரமவாசியானார். சுந்தரானந்தர் என்னும் பெயருக்கு அழகில் இன்பம் காண்பவர் என்பது பொருள்.

உலகப்போர் சூழ்ந்த நிலையில் 1939 இல் நகாஷிமா புதுச்சேரியை விட்டுச் சென்றார். விடுதியின் பணிகள் அதற்குப் பின்னும் தொடர்ந்து 1940களில் நிறைவடைந்தன.

கட்டடத்திலிருந்து மரத்திற்கு

ஜப்பானுக்குத் திரும்பிய நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்தவரான மரியன் ஒகாஜிமாவைச் சந்தித்தார். இருவரும் அமெரிக்கா சென்று 1941 இல் மணம் புரிந்துகொண்டனர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் புதிய கட்டடங்களைப் பார்வையிட்ட நகாஷிமா, பெயர்பெற்ற வடிவமைப்புகளும் தரக்குறைவாகக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டு மனம் வருந்தினார். வரைபடம் ஒருவரிடமும் வேலை வேறொருவரிடமும் இருக்கும் தொழிலில், தாம் எண்ணிய செம்மையைப் பெற இயலாது என முடிவு செய்தார். தொடக்கம் முதல் முடிவு வரை தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளத்தக்க தொழிலாக மரவேலையைத் தேர்ந்தெடுத்தார். சியாட்டில் நகரில் கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் சிறுவர் மன்றத்தில் இடம் பெற்று, அதற்கு ஈடாகச் சிறுவர்களுக்கு மரவேலை கற்பித்துக்கொண்டே தம் முதற் பட்டறையை நடத்தினார்.

தடுப்பு முகாம்

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்காவில் பிறந்த நகாஷிமாவும், மனைவி, கைக்குழந்தையான மகள் மீரா ஆகியோருடன் ஐடகோ மாநிலத்திலிருந்த மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அம்முகாமில் ஜப்பானில் முறையாகப் பயின்ற தச்சரான கெந்தாரோ ஹிக்கோகாவாவை இவர் சந்தித்தார். கட்டடக்கலையில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்த நகாஷிமா அவரிடம் உதவியாளராகச் சேர்ந்து பணியாற்றினார். இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம், உளி, இழைப்புளி ஆகியவற்றைக் கையாளும் முறையையும், ஆணியின்றி மரத்தோடு மரத்தைப் பொருத்தும் முறைகளையும் அவரிடம் கற்றார். கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுப் பலகைகளும் அருகிலிருந்த பாலைநிலப் புதர்களின் கட்டைகளுமே அவர்களுக்குக் கிடைத்த மரங்களாகும்.

பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பண்ணை வைத்திருந்த ரேமண்ட், 1943 இல் பொறுப்பேற்று இக்குடும்பத்தை முகாமிலிருந்து விடுவித்தார். அப்பண்ணையில் நகாஷிமா கோழி வளர்க்கும் வேலை செய்தார். முகாம் அடைப்புக்காக அமெரிக்க அரசு முறையாக மன்னிப்புக் கோரிச் சட்டம் இயற்றியது 1988 இல் ஆகும்.

நியூ ஹோப் பட்டறை

சில காலத்திற்குப் பின் நியூ ஹோப்பில் அக்வெடாங் சாலையோரம் சிறிது நிலம் பெற்று, முதலில் பட்டறையையும் பின்னர் வீட்டையும் நகாஷிமா தாமே கட்டினார். அவ்வளாகம் படிப்படியாக வளர்ந்தது. மெல்லிய கற்காரை ஓட்டுக் கூரை கொண்ட கோனாய்டு கூடம், 1967 இல் எழுந்த கலைக்கட்டடம் முதலியன அவற்றுட் குறிப்பிடத்தக்கவை.

இவர் பலகையாக அல்லாமல் முழு அடிமரமாகவே வாங்குவது வழக்கம். கருப்பு வால்நட் மரத்தை மிகுதியாகப் பயன்படுத்தினார். மரம் அறுக்கப்படும்போது அறுவை ஆலையில் தாமே நின்று, எந்தத் திசையில், எவ்வளவு கனத்தில் அறுப்பது என முடிவு செய்தார். ஒரே மரத்தின் பலகைகள் அறுத்த வரிசை குலையாமல் அடுக்கி உலர்த்தப்பட்டன. பெரிய பலகைகள் பல ஆண்டுகள் காத்திருந்தன.

பலகையில் உள்ள வெடிப்பு, கணு, புழு அரித்த துளை போன்றவற்றை மற்றத் தச்சர்கள் வெட்டி நீக்குவர். நகாஷிமா அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார். வெடிப்பு மேலும் விரியாதபடி, வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைக் குறுக்கே பதித்தார். நடுவில் குறுகி இரு முனைகளிலும் அகன்ற அக்கட்டை, இரு பக்கங்களையும் இழுத்துப் பிடிக்கும். மரத்தின் வெளிவிளிம்பையும் நேராக அறுக்காமல் இயற்கை வளைவுடன் விட்டார். கீழ்ப்பரப்பில் அப்பொருளைப் பெறுபவரின் பெயரை எழுதிவைப்பதும் இவரது வழக்கமாகும்.

இவர் இயந்திரங்களை ஒதுக்கவில்லை. கரடுமுரடான வேலையை இயந்திரத்தாலும், பொருத்துதல், இறுதிச் செதுக்கல், எண்ணெய் பூசுதல் ஆகியவற்றைக் கையாலும் செய்வித்தார்.

நாற்காலிகளும் ஆடுநாற்காலிகளும்

மேசையில் பலகையின் அழகு முதன்மை பெறும். நாற்காலியோ உடலின் எடையையும் அசைவையும் தாங்க வேண்டும். நகாஷிமாவின் பல நாற்காலிகள் இங்கிலாந்தின் வின்சர் நாற்காலி மரபைத் தழுவியவை. இம்மரபில் கனமான இருக்கைப் பலகையே நடுநாயகம். கால்கள் கீழிருந்தும் முதுகுக் குச்சிகள் மேலிருந்தும் அதன் துளைகளில் பொருத்தப்படும். இருக்கை, உட்காருபவரின் உடலுக்கேற்பக் குழிவாகச் செதுக்கப்படும். இருக்கைக்கு வால்நட்டும், வளைந்து கொடுக்கும் முதுகுக் குச்சிகளுக்கு ஹிக்கரி மரமும் பயன்படுத்தப்பட்டன.

1960 அளவில் உருவான கோனாய்டு நாற்காலி இவரது புகழ்பெற்ற படைப்பாகும். இதற்குக் கால்கள் இரண்டே. அவை தரையில் நீளவாக்கில் கிடக்கும் இரு கட்டைகளின் மீது நிற்கின்றன. இருக்கை அவற்றிலிருந்து முன்னோக்கி நீண்டு நிற்கிறது. இது எடை தாங்காது எனச் சிலர் கருதினர். ஆனால் பொருத்துகள் வலுவாக இருந்தமையால் நிலைத்தது.

ஆடுநாற்காலியில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. அடியில் உள்ள இரு வளைகட்டைகளும் ஒரே வளைவுடன் அமைய வேண்டும். இல்லையெனில் நாற்காலி ஆடும்போது ஒரு பக்கமாக நகரும். நாற்காலியும் அமர்ந்தவரும் சேர்ந்த ஈர்ப்பு மையம், வளைகட்டையின் வளைவு மையத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே நாற்காலி கவிழாமல் பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பொருத்துகளின் மீது சுமை மாறி மாறி விழுவதால், தளர்வான கழுந்து விரைவில் கழன்றுவிடும். நகாஷிமாவின் ஆடுநாற்காலிகளில் இருக்கையும் குச்சிகளும் வின்சர் முறையிலேயே அமைந்தன. சிலவற்றில் ஒரு பக்கக் கைப்பலகை மட்டும் மரத்தின் இயற்கை விளிம்புடன் விடப்பட்டது.

இதே காலத்தில் கலிபோர்னியாவில் தம் வீட்டுப் பட்டறையில் பணியாற்றிய சாம் மலூப் (1916 – 2009), சிற்பம்போல் செதுக்கிய ஆடுநாற்காலிகளால் பெயர்பெற்றார். அவர் பொருத்துகளின் மீதே அரம் கொண்டு தேய்த்துக் காலும் இருக்கையும் ஒன்றாக உருகியதுபோல் வளைத்தார். நகாஷிமா உறுப்புகளைத் தனித்தனியே தெரியவிட்டார். வழிகள் வேறாயினும், இருவரும் வீட்டை ஒட்டிய பட்டறையையே வாழ்நாள் முழுதும் நடத்தினர்.

மீண்டும் இந்தியா

1964 இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அழைப்பில் நகாஷிமா இந்தியா வந்து, அங்கே செய்வதற்கான அறைகலன்களை வடிவமைத்தார். அதே காலத்தில் ஜப்பானின் தகமாட்சு நகரிலும் அவ்வூர்க் கைவினைஞர்களுடன் இணைந்து பணியாற்றினார்.

அமைதிப் பீடங்கள்

பெரிய வால்நட் அடிமரம் ஒன்று 1980களில் நகாஷிமாவுக்குக் கிடைத்தது. அதைக் கொண்டு கண்டத்துக்கு ஒன்றாக அமைதிப் பீடங்கள் செய்ய இவர் எண்ணினார். முதற்பீடம் 1986 இறுதி நாளன்று நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் நிறுவப்பட்டது. எஞ்சியவை நிறைவேறுமுன் நகாஷிமா 1990 இல் காலமானார்.

கட்டடக்கலை பயின்றவரும் தந்தையுடன் பல ஆண்டுகள் பணியாற்றியவருமான மீரா, பட்டறைப் பொறுப்பை ஏற்று இப்பணியைத் தொடர்ந்தார். ஆசியாவுக்கான பீடம் 1996 இல் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் நிறுவப்பட்டது. ஊதியம் பெறாத சுந்தரானந்தராக இவர் வாழ்ந்த இடத்திலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

சிறப்புகள்

1952 இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் கைவினைத்திறனுக்கான பதக்கத்தை இவருக்கு வழங்கியது. 1983 இல் ஜப்பான் அரசு புனிதப் பொக்கிச விருதை அளித்தது. இவர் எழுதிய மரத்தின் ஆன்மா என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1981 இல் வெளியானது. தம் குடிமகனை ஒருகாலத்தில் முகாமில் அடைத்த அமெரிக்க அரசு, 2014 இல் நியூ ஹோப் வளாகத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.